சொம்பைச் சாய்த்துப் பார்ப்பவர்

மகாராஜா ஆண்ட காலத்து மைசூர். நான் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க வருகிறவரை 'ரத்தக்காரர்' என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஒடிசலான உடம்பு, காக்கிக் கோட்டு, கொள்ளேகாலத்துப் பேச்சு. விரலில் குத்தி, ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சிவப்புச் சாயல்கள் அச்சிட்ட அட்டையோடு ஒத்துப் பார்த்து, உடம்பில் ரத்தம் போதுமா என்று எழுதுவார். ஆனால் ஊசியை எடுக்குமுன் கட்டிலருகே இருக்கும் தண்ணீர்ச் சொம்பைச் சாய்த்துப் பார்ப்பார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அவர் சாய்த்துப் பார்த்தபோது, என் சொம்பு நிறைந்தபடியே இருந்தது.

"பச்சை உடம்பு. தண்ணி குடுத்தா வயிறு ஊதிடும்," என்றாள் அம்மா.

"தண்ணி இல்லீன்னா ரத்தம் சுண்டிப்போயி நல்ல சிவப்பாத் தெரியுமுங்க. நெசத்துல ஒடம்புல ரத்தமே இருக்காது. அப்படித்தான் ஒருத்திக்கு நல்லா இருக்குதுன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டேன். பத்து நாள்கூடத் தாங்கலீங்க," என்றார் அவர்.

"யாரை?" என்றேன்.

"எம் மகளத்தான், அம்மிணி."

அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தாள். மறுநாள் என் சொட்டு வெளிறித் தெரிந்தது. மூன்று வாரம் மருந்து கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அத்தனை நாளும் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை, சொம்பைத்தான் பார்த்தார். நானும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குக் கிளம்பிய காலையில் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். அவர் கண்ணில் படும்படி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.