ஜாம் போத்தலில் வளர்ந்த வனராஜா

எங்கள் விஞ்ஞான பீடத்தில் வருடம் ஜனவரியில் தொடங்காது. எப்போது தொடங்கும் என்று பீடாதிபதிக்கே தெரியாது. தொற்றுக்காலத்தில் பூட்டிய வாசல், அதன்பின் பெற்றோல் இல்லாத மாதங்கள், அதன்பின் ஊழியர் வேலைநிறுத்தம் என்று பரீட்சைகள் பின்தள்ளிப் பின்தள்ளிப் போய், முதலாம் வருடம் என்ற பெயரில் இரண்டு கூட்டம் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் இடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் நான் தாவரவியல் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பெயர்தான் நீளம். செய்முறை வகுப்பு முழுவதும் என் தலையில், விடைத்தாள் என் மேசையில், நுணுக்குக்காட்டியின் பல்பு எரியாவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள், பேராசிரியர்களின் கூட்டத்துக்குத் தேநீர் வரவில்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

நியமனம் ஒரு வருடத்துக்கு. அது முடிவதற்குள் ஆராய்ச்சியில் ஏதாவது காட்டினால், நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்தில் வாயைத் திறக்கலாம். காட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சட்டத்தில் இப்படி எழுதியிருக்காது. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

வீடு மஹய்யாவயில். நகரசபைத் துப்புரவு வேலைக்கென்று வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருக்கியடித்து வாழும் இடம். பீடத்தில் யாராவது ஊர் கேட்டால் சொல்வேன். கேட்டவர் ஒரு கணம் நிறுத்துவார். பிறகு, "ஆ, டவுனுக்குக் கிட்டத்தானே, வசதி" என்பார். அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ முகங்களில் பார்த்துவிட்டேன். இன்னும் பழகவில்லை.

துறைத்தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். பீடத்தில் அப்போது ஒரு துறைக்குத் தலைவராக இருந்த தமிழர் அவர் ஒருவர்தான். கெட்டிக்காரர், நேர்மையானவர், நேரம் தவறாதவர். "உனக்கென்ன, உங்கட ஆள்தானே தலைவர்" என்று கன்டீனில் மற்ற உதவி விரிவுரையாளர்கள் என்னைக் கேலி செய்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அதற்காக இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன். தமிழ்ப் பிள்ளைக்குச் சலுகை காட்டினார் என்று எந்த வாயும் சொல்லிவிடக்கூடாது என்பது அவருடைய வாழ்நாள் பயம். அந்தப் பயத்தின் செலவை நான் கொடுத்தேன். ஆய்வுகூட நேரம் பிரிக்கும்போது எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம். குளிர்ப்பெட்டியில் எனக்குக் கதவோரம். வெளிநாட்டு உதவியில் கண்ணாடிக் குடுவைகள் வந்து இறங்கியபோது மற்ற எல்லாருக்கும் பங்கு கிடைத்தது.

"உமக்கு அடுத்த முறை பாப்பம், பிள்ளை. இப்ப உமக்குத் தந்தா கதைப்பினம்" என்றார்.

"நான் எதுல வளக்குறது சேர்?"

"ஜாம் போத்தல் பாவிச்சுப் பாரும். நாங்கள் அந்த நாளில அதிலதான் செய்தனாங்கள்."

நான் வளர்க்க நினைத்தது வனராஜா. ஈரக்காட்டில் உதிர்ந்த இலைகளுக்கு நடுவே தரையோடு தரையாய் வளரும் சிறிய ஓர்க்கிட். கறுத்த பச்சை இலையில் செம்புநிற நரம்புகள் ஓடும். மருந்துக்கென்றும் அழகுக்கென்றும் பிடுங்கிப் பிடுங்கி, இப்போது அதைக் காட்டில் காண்பதே அரிது. அதன் விதை கண்ணுக்குத் தெரியாத தூள். மண்ணில் போட்டால் முளைக்காது. சீனியும் உப்புகளும் கலந்த அகர் கூழில், ஒரு கிருமியும் நுழையாதபடி மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். அனுமதிக்கு அலைந்து, மலைக்காட்டில் அட்டைக்கடி பட்டு, எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காய். அடுத்த காய்க்கு அடுத்த வருடம்தான்.

ஆய்வுகூட அகர் அப்போது இறக்குமதி இல்லை. இரசாயனவியல் துறையில் வேலை செய்த என் தோழி பிலிமத்தலாவைக்காரி. அவளுடைய வாப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார்.

"நோன்புக்கு எடுத்த கடப்பாசி கடையில மிச்சம் ஈக்கிது. அதுவும் இதுவும் ஒண்டுதானே?" என்று கேட்டாள்.

ஒன்றுதான். நோன்பு திறக்கும்போது ரோஸ் நிறத்தில் துண்டு துண்டாக வெட்டிச் சாப்பிடும் அதே கடப்பாசியைக் காய்ச்சி நான் ஓர்க்கிட்டுக்கு ஊட்டினேன்.

போத்தல் சேர்த்தது அம்மா. மஹய்யாவ முழுவதும் சொல்லி வைத்துவிட்டாள். ஒரு நாள் நான் வேலையால் வரும்போது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய படிப்பெல்லாம் படிச்சுட்டு போத்தல் பொறுக்கவா விட்டிருக்கீங்க புள்ளைய?"

"சிரிக்காதீங்க. அதுல செடி வளக்குறா. முடிஞ்சிருச்சுன்னா அவளுக்கு வேல நெரந்தரம்" என்றாள் அம்மா. நிரந்தரம் என்ற சொல்லை அம்மா கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள். அடுத்த கிழமை அந்த அக்காவே ஒரு பை நிறையப் போத்தல் கொண்டுவந்து தந்தாள், கழுவாமல்.

முதல் தடவை வைத்ததில் பாதிக்குமேல் பூஞ்சணம் பிடித்தது. கறுப்பும் சாம்பலுமாகப் போத்தலுக்குள் ரோமம் முளைத்த மாதிரி இருக்கும், பார்க்கவே அருவருப்பு. எங்கள் தொழிலில் அது அன்றாடம். எடுத்து வீசிவிட்டு மீண்டும் வைக்க வேண்டியதுதான். தப்பியவற்றில் முதலில் மாதக்கணக்காக ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நாள் காலை விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால், கூழின்மேல் பச்சையாகக் கடுகைவிடச் சிறிய பொட்டுகள். அந்தக் காலை எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? தனியாக நின்று சிரித்தேன். பிறகு பொட்டுகள் தடித்தன, வேர் மயிர் விட்டன, கடைசியில் ஒவ்வொன்றிலும் நகத்தளவு ஒரு இலை. இலைக்குள் அந்தச் செம்பு நரம்பு.

தலைவரும் வந்து பார்த்தார். ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாயிருக்கு" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் பார்த்தேன். பிறகு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்ற செய்தி வந்தது. மற்றப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் சிலர் வந்து, பீடத்தைச் சுற்றிப் பார்த்து, தரம் போடுவார்கள். உடனே எங்கள் பீடத்துக்கு விஞ்ஞானம் மறந்துபோனது. சுவருக்குப் பூச்சு, படிக்குச் சிவப்புச் சாயம், எந்தக் காலத்திலும் பூ இல்லாத தாழ்வாரத்தில் பூச்சாடி. விரிவுரை நேரத்தில் தளபாடம் இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜப்பானிய முறைப்படி ஒழுங்குபடுத்தல் என்று ஒரு திட்டமும் வந்தது. தேவையில்லாத சாமான் எதுவோ அதன்மேல் சிவப்புத் துண்டு ஒட்ட வேண்டும். துண்டு ஒட்டியது எதுவும், எல்லாரும் கூடித் துப்புரவு செய்யும் சிரமதான நாளன்று அப்புறப்படுத்தப்படும். அந்தத் திட்டத்தின் பொறுப்பை எங்கள் தலைவரிடம் கொடுத்தார்கள். அவரைவிட ஒழுங்கான ஆள் பீடத்தில் இல்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை.

சிரமதான நாளன்று என்னை முதலாம் வருடப் பிள்ளைகளோடு கடுகண்ணாவைக்கு அனுப்பினார்கள். கணவாய்ப் பாறையில் வளரும் பன்னச் செடிகளைக் காட்டி வகுப்பெடுக்க வேண்டும். அனுப்பியது தலைவர்தான். அன்று மழையும் இல்லை, பிள்ளைகளும் உற்சாகமாக இருந்தார்கள், நானும் நன்றாகத்தான் பாடம் நடத்தினேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது ஆய்வுகூட வாசலில் தோழி நின்றாள். என்னைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டாள். உள்ளே போனேன். நீண்ட மேசையில் பத்திரிகைத் தாள் விரித்து, என் ஜாம் போத்தல்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. லேபிள் சுரண்டி, பளிச்சென்று கழுவி. ஒருவர்கூட அலட்சியமாக வேலை செய்யவில்லை.

"நீ போன பொறகுதான் சேர் துண்டு ஒட்டினார். நான் சேருக்கிட்ட சொன்னேன். இது அவட ஆராய்ச்சி, தொடாதீங்க எண்டு. துண்டு ஒட்டினது ஒட்டினதுதான் எண்டு சொல்லிட்டார்" என்றாள் தோழி.

பின்பக்கத்து வாளியில் கூழும் சவர்க்கார நுரையும் கிருமிநாசினியும் கலந்து கிடந்தன. கையை விட்டுத் துழாவினேன். கிடைத்த செடிகளையெல்லாம் அலசிப் புதுக்கூழில் வைத்தேன். இரண்டு நாளில் அத்தனையும் மரநிறமாகிச் செத்தன. கிருமிநாசினியின் வேலை அது, செடிமேல் குற்றமில்லை.

அடுத்த நாள் தலைவரின் அறைக்குப் போனேன். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஒரு பிரதியும் வேற இடத்தில வைக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"வேற எங்க சேர் எடம் தந்தீங்க?"

மேசையில் கிடந்த சிவப்புத் துண்டுகளை அடுக்கினார். பிறகு, "சாப்பாட்டுப் போத்தல் ஆய்வுகூடத்தில இருக்கக்கூடாதெண்டு விதி எழுதினது நான். வாறவை ஜாம் போத்தலைக் கண்டா என்ன நினைப்பினம்? மற்றவையின்ர சாமானுக்கெல்லாம் துண்டு ஒட்டிப்போட்டு, உம்மடயதை மட்டும் விட்டா..." என்று நிறுத்தினார்.

"கதைப்பாங்க" என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டினார். நான் அவரைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. புரிந்துதான் இருந்தது. புரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை.

அம்மாவிடம் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். "அப்ப அந்த வேல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மதிப்பீட்டுக் குழு வந்தது. அவர்களுக்குக் காட்ட, துறையின் ஆராய்ச்சிகளைப் பெரிய பதாகைகளாக அச்சடித்து மண்டபத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் என் வனராஜாவும் உண்டு. நான் எடுத்த படம், ஆளுயரத்துக்குப் பெரிதாக, போத்தல் தெரியாமல் வெட்டப்பட்டு. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல என்னையே போட்டார்கள். குழுவில் வந்த ஒரு பெண் பேராசிரியர் படத்தைப் பார்த்து உண்மையாகவே வியந்து நின்றார்.

"செடிகளைப் பார்க்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. நீங்கள் வருவதற்காகத் துப்புரவு செய்தபோது கொட்டிவிட்டார்கள்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "போன முறை எங்களிடம் குழு வந்தபோது எங்கள் தவளைத் தொட்டியை மூடிவிட்டார்கள்" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பதாகைக்குப் போனார். செடி வளர்த்த அறைப் பக்கம் குழுவில் ஒருவரும் வரவில்லை. பகல் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

பீடத்துக்கு நல்ல தரம் கிடைத்தது. கொண்டாட்டமாகப் பாற்சோறு வெட்டினார்கள். எங்கள் துறையின் ஒழுங்கு முன்மாதிரியாக இருந்ததென்று பீடாதிபதி பாராட்டியபோது தலைவர் எழுந்து நின்று தலை வணங்கினார். நானும் கைதட்டினேன், எல்லாரும் தட்டியதால்.

என் வருடம் முடியும் தறுவாயில் நிரந்தரப் பதவிக்கு நேர்முகம் வந்தது. ஒரு இடம், பல பேர். அம்மா அன்று கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, புதுச் சேலையை மடிப்புக் குத்தி விட்டாள். நீண்ட மேசையின் அந்தப் பக்கம் பீடாதிபதி, வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள், எங்கள் தலைவர். எல்லாம் ஆங்கிலத்தில்.

"மஹய்யாவயில் எந்தப் பக்கம்?" என்று வெளியாள் ஒருவர் தொடங்கினார். சொன்னேன். ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கற்பித்தலைப் பற்றிக் கேட்டார்கள், ஒளித்தொகுப்பைப் பற்றிக் கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னேன். அதன்பிறகு தலைவரின் முறை வந்தது. வந்த எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்டார் என்று வெளியே காத்திருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். என்னிடமும் அதையே கேட்டார்.

"இந்த வருடத்தில் உங்கள் ஆராய்ச்சியின் பெறுபேறு என்ன?"

"வனராஜா விதை முளைத்தது, சேர். இலை விடும் வரை வளர்ந்தது. இப்போது செடிகள் இல்லை."

"ஏன் இல்லை?" என்று பீடாதிபதி கேட்டார்.

நான் தலைவரைப் பார்த்தேன். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான் சொன்னால் அது புகார். அவர் சொன்னால் அது நடந்த விஷயம். ஒரே ஒரு வசனம் போதும், அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. பீடாதிபதியும் அவர் பக்கம் திரும்பினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கன்டமினேஷன்" என்றார். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்பதற்கு எங்கள் தொழிலில் சொல்லும் சொல்.

மேசையில் இருந்த எல்லாரும் இரக்கத்தோடு தலையசைத்தார்கள். "அது எல்லாருக்கும் நடப்பதுதான்" என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். தலைவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்காகப் பேசிவிட்டதாக அவர் உண்மையிலேயே நம்பினார் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. அந்த வருடம் முழுவதிலும் நாலு பேருக்கு முன்னால் எனக்காக அவர் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.