வெறும் வயிறும் அக்காரவடிசலும்

ஆலிலைமேல் அறிதுயில் கொள்ளும் பெருமானே, அடியேன் எழுதப் புகும் இச்சிறு சர்க்கரைக் கதைக்கும் நீயே காப்பு.

அன்று கூடாரவல்லித் திருநாள். மறுநாள் நண்பகலில் இராஜபாளையத்தில் எனக்குக் கண்புரை அறுவை. பாசுரங்களை மனப்பாடமாகச் சொல்வேன். எழுத்தைக் கண்ணால் கண்டு பல மாதங்களாயின. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே விடியற்காலை வழிபாடு முடிந்ததும் எங்கள் ஊர் மடவார் வளாகத் தெருவிலுள்ள இரத்த ஆய்வுக்கூடத்துக்குச் சென்றேன். கோயில் கூட்டத்தில் பாதி எனக்கு முன்பே அங்கே அமர்ந்திருந்தது.

"தாத்தா, ஏதும் சாப்பிட்டியளா?" என்றாள் இரத்தம் எடுக்கும் பெண்.

"ஒண்ணும் சாப்பிடலை, தாயி."

பொய்யன்று. கோயிலில் தந்த, வெல்லமும் நெய்யும் ஒழுகும் அக்காரவடிசலைத் தொன்னை நிறைய உண்டிருந்தேன். ஆயினும் பிரசாதத்தைச் சாப்பாடு என்று எவர் சொல்வார்?

என் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியது. எனக்கு அடுத்த ஆச்சிக்கும் அப்படியே. அவருக்கு அடுத்தவருக்கும் ஏற்றம்தான்.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று அப்பெண் தன் இரத்தத்தையே எடுத்துச் சோதித்தாள். அதுவும் கூடியே இருந்தது. அவளும் கோயிலிலிருந்துதான் வந்திருந்தாள். பழுது பார்ப்பவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். "இந்த ரிசல்ட்டை டாக்டருக்கு அனுப்புனா ஒங்களுக்கு ஆபரேசன் கிடையாது, தாத்தா" என்றாள்.

அப்போது பஞ்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் கிறிஸ்தவ நண்பர் வந்து கை நீட்டினார். அவருக்குச் சர்க்கரை தொண்ணூற்றைந்துதான்.

"மெஷின் மதம் பாக்குதோ!" என்றார் ஆச்சி.

"அதெல்லாம் இல்லை ஆச்சி, நான் பட்டினியா வந்தேன்" என்ற நண்பர் என் பக்கம் திரும்பினார். "ஒம்ம கையில நெய் மணக்குதே, வே! என்னத்தைத் தின்னீரு?"

"தின்னலை, வே. பிரசாதம் வாங்கிக்கிட்டேன்."

"தொண்டைக்குள்ள போச்சா?"

"போச்சு."

"பொறவு எங்க போச்சு?"

கூட்டம் இதனை நெடுநேரம் ஆராய்ந்தது. நிவேதனமானபின் அதில் வெறும் அருளே எஞ்சும் என்று ஒருவர் வாதிட்டார்.

"பெருமாள் சக்கரையை மட்டும் தனியா எடுத்துக்கிடலையே, மாமா!" என்று அப்பெண் சிரித்தாள். மெஷின் நிரபராதி எனத் தீர்ப்பாயிற்று. "எல்லாரும் நாளைக்கு வாங்க. நெசமான வெறும் வயித்தோட."

மறுநாள் காலை கோயிலில் தந்த பொங்கலைக் கண்ணில் ஒற்றி, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் நண்பரிடம் நீட்டினேன். "எனக்கு நேத்தே ரத்தம் எடுத்தாச்சு" என்று மகிழ்ந்து உண்டார். என் சர்க்கரை அடங்கியிருந்தது. அறுவையும் இனிதே முடிந்தது.

கட்டவிழ்த்து ஊர் திரும்புகையில் என் கண் முதன்முதலில் வாசித்தது பெரியோர் திருவாய்மலர்ந்த பாசுரமன்று, ஆய்வுக்கூட வாசலில் தொங்கிய புதிய அட்டை: "பிரசாதமும் சாப்பாடே." ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. கைகூப்பி நின்று இருமுறை வாசித்தேன்.

இதை வாசிக்கும் யாவர்க்கும் கண்ணொளி குன்றாதிருக்க. இனிமை நாவிலே மிகுந்து, குருதியிலே அளவோடு நிற்க.