வலைக்குள் ஓடிய டாக்சி

மிரானைப் பற்றி எங்கள் மருத்துவமனையின் புற்றுநோய்த் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குகிறவள். முன்பதிவு மேசையில் இருக்கும் எனக்குச் சுவரைத் தாண்டி அவள் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். தென்கொரியாவில் எங்கள் தேகு நகரத்தில் கொரோனா தொற்று பரவிய அந்தப் பிப்ரவரியில், முதலில் பூட்டு விழுந்தது அந்த வாய்க்குத்தான்.

இயந்திரம் இயக்குகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு இன்னொன்றின் முகத்தில் விழிக்கக் கூடாது. ஒரு பக்கம் தொற்றினாலும் மறுபக்கம் வேலை நடக்க வேண்டுமே. பாதியில் சிகிச்சை நின்றால் கட்டி மறுபடி தலைதூக்கும். சாப்பாடும் தனித்தனியாகத்தான். மிரான் மகளைப் போஹாங் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துச் சோறு தின்றாள். தட்டில் இருக்கும் கிம்ச்சி ஊறுகாயோடு பேச ஆரம்பித்துவிட்டதாகவும், அதுகூடப் பதில் சொல்வதில்லை என்றும் தொலைபேசியில் என்னிடம் புலம்பினாள்.

மிச்சமிருந்த ஒரே பேச்சுத்துணை யோம் ஐயா. டாக்சி ஓட்டியவர். தொண்டையில் புற்று. முகத்தின் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வலையை மாட்டித் தலையைக் கட்டிலோடு பூட்டினால்தான் கதிர் இம்மி பிசகாமல் விழும். வலைக்குள் முகக்கவசம் போட முடியாது. அதனால் அவரை நாளின் கடைசியில் வைத்து, முடிந்ததும் அறை முழுக்கத் துடைத்தார்கள். முதல் நாள் மனிதர் பயந்துபோய் கைகாலை உதைத்தார். எல்லாரும் வெளியேறிக் கனத்த கதவு மூடியதும், மிரான் ஒலிபெருக்கி வழியே வாயாலேயே டாக்சி ஓட்டினாள். ரயில் நிலையத்தில் சவாரி ஏற்றி, சிவப்பு விளக்கில் நின்று, சுசோங் ஏரி வரை போனாள். அவர் அசையவே இல்லை. வெளியே வந்து, அந்த வழியில் போனால் சவாரிக்காரன் சண்டைக்கு வருவான் என்று கம்மிய குரலில் குறை சொன்னார். மறுநாளிலிருந்து அவள் வேண்டுமென்றே தப்பு வழியில் போனாள்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், உடை மாற்றும் அறையில், அவள் குழுவைச் சேர்ந்த ஹேஜின் காகிதக் கோப்பையில் பொட்டலக் காப்பி கலக்கி நீட்டினாள். நோயாளிகள் முன்னால் கண் மட்டும் தெரிய நிற்கும் நாங்கள், எங்களுக்குள் கவசத்தைக் கழற்றிவிடுவோம். நம்ம ஆள்தானே என்ற நினைப்பு. மிரான் குடித்தாள். காப்பிக்காக அல்ல, எதிரில் ஒரு முகம் இருந்ததற்காக. அவள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். நானாக இருந்தாலும் குடித்திருப்பேன்.

மறுநாள் ஹேஜினுக்குத் தொற்று உறுதியானது. மிரானுக்கு இல்லை, ஆனாலும் இரண்டு வாரம் வீட்டுக்குள் அடைபட வேண்டும். யோம் ஐயாவையும் சோதித்து, தொற்றில்லை என்று தெரிந்தபின் மற்ற குழு ஏற்றுக்கொண்டது. புது ஆட்கள் வலையைக் கையில் எடுத்ததும் அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த நாளும் அதே கதை. இனியும் விட்டால் இதுவரை பட்ட பாடு வீண் என்று மருத்துவர் கறாராகச் சொன்னார்.

மிரானை அழைத்தேன். அழுதாள். ஒரு வாய் காப்பிக்காக அவர் உயிரோடு விளையாடிவிட்டேன் என்றாள். ஒப்பாரியை அப்புறம் வைத்துக்கொள், இப்போது வண்டியை எடு என்று திட்டினேன்.

அன்று அவரைக் கெஞ்சிப் படுக்க வைத்தார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு நான் கட்டுப்பாட்டு அறையில் என் கைப்பேசியை ஒலிவாங்கியருகே பிடித்தேன்.

"ஐயா, மிரான் பேசறேன். எங்க போகணும், சொல்லுங்க."

"நீ இப்ப எங்கம்மா இருக்க?"

"வீட்லதான். தனியா."

"அப்ப அங்கயே போ. உன் வீட்டு வாசல்ல என்னை இறக்கிவிடு."

வலையைப் பூட்டினார்கள். கதவு மூடியது. மருத்துவமனை வாசலிலிருந்து அவள் நிதானமாக ஓட்டினாள். பாலம், சாத்திக் கிடக்கும் மீன்கடை, முகக்கவசத்துக்காக மருந்துக்கடையில் நிற்கும் வரிசை, அப்புறம் அவள் சந்து. வந்துவிட்டோம், இறங்குங்கள் என்று அவள் சொல்லவும் இயந்திரம் நிற்கவும் சரியாக இருந்தது. திரையில் யோம் ஐயா ஆடாமல் படுத்திருந்தார்.

அவரை விடுவிக்க எல்லாரும் உள்ளே ஓடினார்கள். ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். என் கையில் கைப்பேசி மட்டும் இன்னும் அணையாமல் இருந்தது. அதில் மிரான் மெதுவாகக் கேட்டாள்:

"இவ்வளவு தூரம் வந்துட்டு அப்படியே போனா எப்படி? ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன், ஐயா."