நாற்பத்தொன்றிலேயே நின்ற காற்று

சித்தப்பாவைப் பற்றி நான் மரியாதையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவர் அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, நானும் அக்காவும் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. அதற்கு மேல் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது அக்காவைப் பற்றி. வேகக் கார்களின் கம்ப்யூட்டரைத் திருத்தி ட்யூனிங் செய்வது அவள் வேலை. எந்தக் கார் உள்ளே வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "உள்ள போற காத்து எத்தனை டிகிரி?" என்பதுதான். மெக்கானிக்குகள் அவளுக்குக் காய்ச்சல் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் வண்டி மக்கர் பண்ணினால் அத்தனை பேரும் அவளைத்தான் தேடி ஓடுவார்கள்.

அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கிற கருவி. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டோடு காற்று உள்ளே போனால் பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்கும், பிஸ்டன் உருகும். அதனால்தான் உள்ளே ஒரு சென்சார் காற்றின் சூட்டை அளந்து கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பற்றவைக்கிற தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். அப்போது காரின் இழுவை குறையும். குறையத்தான் வேண்டும்.

ஒரு பல் டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரேஸ் டிராக்கில்தான் இருப்பார். எந்தச் சூப்பர்சார்ஜர் போடலாம் என்று அக்காவிடம் கேட்டார்.

"மூணு வகை இருக்கு சார். எஞ்சின் தலைமேல உக்காந்து ரெண்டு உருளையால காத்தைத் தள்ளுறது ஒண்ணு. மிதிச்ச உடனே இழுக்கும், ஆனா எஞ்சின் சூட்டையும் சேத்துக் குடிக்கும். அதே இடத்துல ரெண்டு திருகு வச்சு, காத்தை உள்ளயே அமுக்கி அனுப்புறது இன்னொண்ணு. சூடு கொஞ்சம் கம்மி. மூணாவது பக்கவாட்டுல மாட்டுறது, சக்கரம் மாதிரி சுத்தும். ஆரம்பத்துல சோம்பேறி, வேகம் ஏற ஏறத்தான் வேலை செய்யும். ஆனா அந்தக் காத்தை முன் பம்பர் கிட்ட கொண்டுபோயி ஆறவச்சு எடுத்துக்கலாம். நீங்க டிராக்ல அரை மணி நேரம் விடாம ஓட்டுறீங்க. உங்களுக்கு மூணாவதுதான்."

சித்தப்பா குறுக்கே விழுந்தார். ஸ்டோரில் முதல் வகைதான் நாலு பெட்டி கிடந்தது. "அவ சின்னப் பொண்ணு சார். மேல மாட்டுறதுல இருக்கற சத்தமும் உதையும் வேற எதுலயும் வராது" என்று பேசிப் பேசியே அதை அவர் தலையில் கட்டிவிட்டார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அந்த ஆறாத காற்றை ஆற்ற முன்னால் தனி ரேடியேட்டர், பெரிய பம்ப், தனித் தண்ணீர் ஓட்டம் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். "மூணு சுத்து வேகமா ஓட்டுங்க, ஒரு சுத்து மெதுவா போங்க. காரு மந்தமானா அது சொல்றதைக் கேளுங்க" என்று பல் டாக்டரிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்கா மூன்று நாள் லீவில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த மூன்று நாளில்தான் எல்லாம் நடந்தது.

பல் டாக்டர் திரும்பி வந்தார். மூன்றாவது சுற்றில் இழுவை போய்விடுகிறதாம், திரையில் காற்று எழுபது டிகிரி காட்டுகிறதாம், இரண்டு தெரு தள்ளியிருக்கிற ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்சார்ஜர் போட்ட காரில் நாற்பதுதான் காட்டுகிறதாம். சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் இருந்த சென்சாரைக் கழற்றி, வெளிக்காற்று நுழைகிற ஃபில்டர் பக்கத்தில் மாட்டச் சொன்னார். காய்ச்சல்காரன் வாயில் வைக்க வேண்டிய தெர்மாமீட்டரை ஜன்னலில் வைத்த மாதிரி! திரையில் நாற்பத்தொன்று வந்தது. பல் டாக்டர் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிறு, ஐந்தாவது சுற்றில் பிஸ்டன் உருகியது.

திங்கள் காலை ஆபீஸ் அறையில் சித்தப்பா ஒரு கடிதத்தை அக்கா முன்னால் தள்ளினார். "ட்யூனிங்கில் நடந்த தவறு என்னுடையது" என்று அவள் பெயரில் எழுதியிருந்தது. பல் டாக்டர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போடும்மா. ஸ்பேனர் புடிக்கற வேலை எப்பவும் உனக்கு உண்டு. கம்ப்யூட்டரை மட்டும் இனிமே தொடாத" என்றார் சித்தப்பா.

போட்டால் அவ்வளவுதான். எஞ்சினை உருக்கியவள் என்ற பெயரோடு அவள் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரு காரைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பதினோரு வருஷ உழைப்பு அதோடு போய்விடும்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. வெளியே இழுத்து வந்து நிறுத்தியிருந்த காரின் கம்ப்யூட்டரில் பதிவானதை லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு சுத்து வெரட்டின காரு. காத்து நாப்பத்தொண்ணுலயே நின்னிருக்கு. இது எப்படி?"

அவள் எழுந்துபோய் பானட்டைத் திறந்தாள். ஃபில்டர் குழாயில் சென்சாரைப் பார்த்தாள்.

"இதை யாரு இங்க வச்சது?"

"நீதான்" என்றார் சித்தப்பா, கண் இமைக்காமல். "ஜாப் கார்டுல உன் பேரு இருக்கே!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவில்தான் அது உறைத்தது. எந்த வண்டிக்கு என்ன வேலை, யார் செய்தது என்று கார்டு எழுதுகிறவள் நான். வண்டி வந்ததும் ட்யூனர் பெயர் என்ற இடத்தில் அக்கா பெயரை எழுதிவிடுவேன். யோசிப்பதே இல்லை, கை பழகிவிட்டது. அவள் லீவில் இருந்த அன்றும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே சித்தப்பா வாயால் சொன்னதை, சென்சார் இடமாற்றம் என்று, என் கோழிக் கிறுக்கலில்.

ஃபைலிலிருந்து கார்டை உருவி பல் டாக்டர் கையில் கொடுத்தேன்.

"சார், இது என் எழுத்து. தேதியைப் பாருங்க. அன்னைக்கு அக்கா ஆஸ்பத்திரியில, எங்க அம்மா பக்கத்துல இருந்தா. சென்சாரை மாத்தச் சொன்னது இவரு. அவ பேரைப் போட்டது நானு."

"சோறு போட்ட கையையே கடிக்கிறியா?" என்று சித்தப்பா எகிறினார்.

"நாங்க வேலை செஞ்சு சாப்பிட்டோம் சித்தப்பா. நீங்க ஒண்ணும் ஊட்டி விடலை."

பல் டாக்டர் கார்டையும் சென்சாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "எஞ்சினை நீங்க மறுபடி கட்டித் தர்றீங்க" என்றார் சித்தப்பாவிடம். "ட்யூனிங் மட்டும் இவங்க. எங்க இருந்தாலும் தேடிப் போயி செஞ்சுக்கறேன்."

அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கார்டைக் கேட்டு வாங்கினாள். தன் பெயரைப் பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டு அடித்தாள்.

"அவர் பொய் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். நீ பாக்காம எழுதுவன்னு தெரியாது."

சித்தப்பாவிடம் பேசியபோதுகூட அவள் குரல் அவ்வளவு நடுங்கவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் இரண்டு தெரு தள்ளி, அந்தப் போட்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறோம். கார்டு எழுதுவது இன்னும் நான்தான். ட்யூனர் பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு அவளிடம் நீட்டுகிறேன். அவள் முதலில் போய் சென்சாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். அப்புறம்தான் தன் பெயரைத் தானே எழுதுகிறாள்.