தக்காளி லோடில் வந்த அரிச்சுவடி

என் முதல் புத்தகத்தில் தேங்காய் எண்ணெய் வாடை அடிக்கும். நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு ஒரே மஞ்சப்பையில் கிடந்து வந்த புத்தகம் அது. அட்டையில் பெரிய ஆனை. உள்ளே பக்கத்துக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு படம்.

அப்பா எரியோட்டிலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் லாரியில் "லோடுமேன்". எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் கோலம் போடப் பழகுவதுபோலப் பழகி வைத்திருந்தார். அதைக் கையெழுத்தாகப் போடுவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, எழுத்து வரிசையும் அவருக்கு மனப்பாடம். லோடு இறக்கிவிட்டு வந்து படுக்காமல், என்னை மடியில் வைத்துக்கொண்டு, தக்காளிக் கறை போகாத விரலால் படத்தைத் தொட்டுச் சொல்வார்: "அ, அம்மா. ஆ, ஆனை. இ, இலை."

அடுத்தது ஈ. அதற்கும் அடுத்த பக்கத்தில் எறும்பு இருந்தது.

"உ-வுக்கு உரலுதான வரணும்? இது எப்படி வந்துச்சு? அச்சடிச்சவன் தூங்கிட்டான் போல, ஆத்தா" என்பார் என்னிடம்.

"அம்புட்டும் தெரிஞ்ச மனுசன் வாத்தியாராப் போயிருக்கலாம்ல, எதுக்கு மூட்டை தூக்குறீங்க?" என்பாள் அம்மா. அவளும் பள்ளிக்கூடம் பார்க்காதவள்தான். வீடு தோட்டத்துக்குள் தனியாக இருந்ததால் அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேறு ஆளில்லை. நான் அந்தச் சுழிகளையும் கொக்கிகளையும் தரையிலும் சுவரிலும் கரித்துண்டால் எழுதித் தள்ளினேன்.

பள்ளியில் சேர்க்கிற அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, தலைமையாசிரியரிடம், "உயிரெழுத்து பூராம் எழுதுவா சார். நானே சொல்லிக்குடுத்தேன்" என்றார்.

சிலேட்டில் எழுதிக் காட்டினேன். தலைமையாசிரியர் உற்றுப் பார்த்தார். பிறகு அடுத்த வகுப்பு வாத்தியார்களைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்கய்யா, மலையாளத்துல எழுதுது புள்ள! ஏய்யா, பொம்மையப் பாத்தா பொஸ்தகம் வாங்குன?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கேரளாவில் அந்த எழுத்தை எழுதிய ஐந்து வயதுப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்திருப்பார்கள். சிரித்த அந்த மூன்று பேரையும் நான் இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கோபம் அடங்கினால் அடியில் கிடப்பது வெட்கம்தான். ஏனென்றால் அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். முதலாளிமார் முன்னால் சிரிக்கிற சிரிப்பு அது. அவர்கள் நிறுத்திய பிறகும் அவர் செத்த நேரம் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சேர்க்கைத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்பா பேனாவைத் தொடவில்லை.

"மை குடுங்க சார்" என்று கட்டைவிரலை நீட்டினார்.

அடுத்த லோடுக்குப் போகும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு மஞ்சப்பையில் சிப்ஸ் மட்டும்தான் வந்தது. மலையாளத்தில் எறும்புக்கு உறும்பு என்று பேர், அச்சடித்தவன் தூங்கவில்லை என்பது பல வருசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறோம். வீடு திருச்சி ரோட்டைப் பார்த்தது. கேரளா வண்டிகள் போகும்போது அந்த எழுத்துகள் கண்ணில் பட்டால் இன்னும் என் முகம் சுடுகிறது. என் மகளுக்கு அரிச்சுவடி போனில் இருக்கிறது. படத்தைத் தொட்டால் அதுவே சொல்கிறது, அதுவே பாடுகிறது. படத்தைத் தொட்டுச் சொல்ல யாரும் மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அவள் போனைத் தூக்கிக்கொண்டு என் அப்பாவிடம்தான் ஓடுகிறாள்.

"தாத்தா, நீங்க சொல்லிக் குடுங்க."

வாசலில் உட்கார்ந்தபடி, ரோட்டில் போகிற லாரியில் இருப்பது தக்காளியா வெங்காயமா என்று இன்றைக்கும் சரியாகச் சொல்கிற மனுசன், போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்.

"எனக்குக் கண்ணு தெரியல, ஆத்தா."