ஆலோசகர் அறையில் நாத்தனார்

'போதும் மிஸ்' என்ற பெயரைத் தாய்க்காரி முதன்முதலில் கேட்டது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், இஸ்திரி உருளை துப்பிய போர்வையின் முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது. மறுமுனையைப் பிடித்திருந்த கண்ணாடிக்காரிதான் சொன்னாள்.

"உன் நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பேரு தெரியுமா? போதும் மிஸ். எந்தப் புள்ள எந்தப் பாடம் கேட்டாலும் 'உனக்கு இது போதும்'னுதான் ஆரம்பிப்பாளாம். என் பொண்ணு கம்ப்யூட்டர் கேட்டா. தையல் போதும்னு அனுப்பிட்டா."

தாய்க்காரி சிரித்த சிரிப்பில் போர்வை கைநழுவியது. அந்தப் 'போதும்' தன் வீட்டுக்கும் வரும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு நேர் தங்கை. இவள் கல்யாணமாகி வந்தபோது அது தானாகச் சடை பின்னிக்கொள்ளத் தெரியாத சின்னப் பெண். பின்னிவிட்டதும், பேன் பார்த்ததும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் இவள்தான். படித்து, பள்ளியில் பாட ஆலோசகர் ஆனபிறகு நாத்தனாரின் கழுத்து நிமிர்ந்துவிட்டது. மாமியாருடைய தம்பி மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம், "அண்ணி ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். நர்ஸ் என்று நினைத்து ஒரு அம்மாள் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டாள்.

"நான் அங்க துணி துவைக்கிறவம்மா. சேலையில கறை இருந்தா சொல்லுங்க, போக்கித் தரேன்" என்றாள் தாய்க்காரி.

பந்தியே சிரித்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. அதன்பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்தது, குத்தல் கூடியது.

தாய்க்காரியின் மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு முடிக்கும் சமயம். எட்டாவதில் கணக்கு இரண்டு வகை. பிள்ளைகள் அவற்றைப் பெரிய கணக்கு, சின்னக் கணக்கு என்பார்கள். பெரிய கணக்கில் தேறினால்தான் மேல்வகுப்பில் இயற்பியல் கிடைக்கும். மகளுக்கு இயற்பியல் வேண்டும். ஒருமுறை அம்மாவோடு ஸ்கேன் அறைக்கு விரிப்பு கொடுக்கப் போனவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த நாற்காலிமேல்தான் அவளுக்குக் கண். மதிப்பெண்ணோ அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம் என்கிற ரகம். முடிவு ஆலோசகர் கையில்.

ஆலோசகர் அறையில் மேசை உயரம், வருகிறவர்களுக்கான நாற்காலி தாழ்வு. தாய்க்காரிக்கு நாத்தனாரின் முகவாய்க்கட்டைதான் முதலில் தெரிந்தது.

"உக்காருங்க. மாணவியோட அம்மாவா?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரி."

"கேலியெல்லாம் வெளியில வெச்சுக்குங்க. இங்க உறவுமுறை கிடையாது." கணினித் திரையைப் பார்த்தபடியே நாத்தனார் சொன்னாள். "மார்க் நடுவாந்தரம். சின்னக் கணக்கு போதும்."

"லீவுல உக்காந்து படிச்சுடுவேன் அத்தை" என்றாள் மகள்.

"மிஸ்னு சொல்லு."

தாய்க்காரிக்குச் சுருக்கென்றது. "நடுவாந்தரம்னா அந்தப் பக்கமும் தள்ளிவிடலாமில்ல?"

"தள்ளிவிட்டு, விழுந்தா யாரு தூக்குறது? ராத்திரி ஷிப்டுக்குப் போற நீங்களா? வீட்ல கணக்கு சொல்லிக்குடுக்க ஆள் இருக்கா? அவங்கவங்க வீட்டைப் பாத்துத்தான் பாடம் எடுக்கணும்."

"எந்த வீட்டைச் சொல்றே? நீ வளர்ந்த வீடுதானே அது? அங்கருந்துதானே வந்து இங்க உக்காந்திருக்கே? உனக்கு யாருடி போதும்னு சொன்னது?"

குரல் தாழ்வாரம் வரைக்கும் போயிருக்கும். அந்த வழியாக வந்த தலைமையாசிரியை, திறந்திருந்த கதவருகே நின்றாள். நாத்தனார் அவளைக் கவனிக்கவில்லை. கோபம் வந்தால் பள்ளிக்கூடத்து நாக்கு மடங்கிக்கொள்ளும். அண்ணி சடை பின்னிவிட்ட காலத்து நாக்குதான் வெளியே வரும்.

"வாயை மூடுங்க அண்ணி, மானத்தை வாங்காதீங்க."

"அண்ணியா?" என்றாள் தலைமையாசிரியை.

சொந்தக்காரப் பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லிவிட்டு வேறு ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. சலவைக்கூடத்து உறவைச் சொல்ல நாத்தனாருக்கு வாய் வரவில்லை, சொல்லாமலே இருந்துவிட்டாள்.

"தூரத்துச் சொந்தம், மேடம்."

"ரொம்பத் தூரம் மேடம்" என்றாள் தாய்க்காரி. "இவ கூடப்பிறந்த அண்ணன் என் வீட்டுக்காரர். அவ்வளவு தூரம்."

மகளின் விவரம் பக்கத்து அறை ஆலோசகரான தாடிக்காரரிடம் போனது. அவரும் கையில் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. விடுமுறை வகுப்புக்கு வா, கடைசிப் பரீட்சையில் தேறினால் பெரிய கணக்கு என்றார். மகள் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

அறையில் சண்டை நடந்த அன்றைக்கே வீட்டில் புருஷன் பிடித்துக்கொண்டான். "நாலு பேர் முன்னாடி என் தங்கச்சியை அசிங்கப்படுத்தணுமா?"

"உறவை முதல்ல சொன்னது நானில்ல. உன் தங்கச்சிதான்."

சாப்பிட்ட தட்டை அவன் ஓசையோடு வைத்துவிட்டுப் போனான். அந்த விடுமுறை முழுக்க அவர்கள் மகள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"பழைய வன்மத்துலதான் அப்படிப் பண்ணிட்டா, விட்டுத் தள்ளு" என்று கண்ணாடிக்காரி சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"வன்மமா இருந்தா விட்டிருப்பேன்" என்றாள் தாய்க்காரி. "அவ மனசார நம்பித்தான் சொன்னா. என் பொண்ணுக்கு அவ்வளவுதான்னு."

மகள் இப்போது மேல்வகுப்பில் இயற்பியல் படிக்கிறாள். எடுக்கிற மதிப்பெண் இன்னும் நடுவாந்தரம்தான். நாத்தனார் அதே பள்ளியில், அதே அறையில் வேலை பார்க்கிறாள். அண்ணன் வீட்டுக்கு அவள் வருவதில்லை.