அந்துவான் அண்ணனின் ரோதாஜ் பலகை

முதலியார்பேட்டை முனையில் ஒரு பெரிய பேனரில் அந்துவான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கும் பேனர்தான், காதுகுத்துக்கும் பேனர்தான். எழுபத்தொன்பது வயதில் இவருக்கு யார் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"இன்னா பெரியவரே, சேதி தெரியாதா? நேத்து சாயங்காலம் தவறிட்டாரு. கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்கு பாரு" என்றார். சிரித்த வாயோடு அங்கேயே நின்றேன்.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எதையும் பூசி மெழுகாதே, நான் சொன்னபடியே எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் கலியபெருமாள். செலின் மதாம் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் டிரைவராக இருந்தவன். மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் உயிரோடு இருந்த காலம் தொட்டு அந்த வீட்டு வண்டிகள் அந்துவான் அண்ணன் கையைத் தவிர வேறு மெக்கானிக் கையைப் பார்த்ததில்லை. பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் பலவும் அவருடைய தகரக் கொட்டகைக்குத்தான் வந்தன.

புது வண்டியின் எஞ்சினைப் பழக்குவதை அண்ணன் ரோதாஜ் என்பார். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சொல். அவருடைய அப்பா வேலை பார்த்த கராஜிலிருந்து வந்த தகரப் பலகை ஒன்று அவரிடம் இருந்தது, நீல எழுத்தில். தெரிந்தவர்கள் யார் புது வண்டி எடுத்தாலும் பின்கண்ணாடியில் அதைத் தன் கையாலேயே கட்டிவிடுவார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைக் கொண்டுவர வேண்டும். எண்ணெய் மாற்றுவார், எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். "பழகிடுச்சு" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் பலகை இறங்கும், அடுத்த வண்டிக்குப் போகும்.

"அதுல இன்னாண்ணே எழுதியிருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வண்டி புதுசு, பின்னால வர்றவன் கொஞ்சம் பொறுத்துக்கோன்னு எழுதியிருக்கு" என்றார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மதாம் ஒரு புது வண்டி எடுத்தார். அன்றே கொட்டகைக்கு வந்தோம். "அந்துவான், இதுதான் என் கடைசி வண்டி. என்னைக் கல்லறையில வைக்கிற வரைக்கும் இது ஓடணும்" என்றார் மதாம். அண்ணன் பலகையைக் கட்டிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெருமாளு, நல்லா கேட்டுக்கோ. அடிச்சி ஓட்டாத. அதுக்காக ஒரே வேகத்துல உருட்டினும் போவாத. தவளக்குப்பம் வரைக்கும் போயி வா, ஏத்தி எறக்கி ஓட்டு. முக்கியமா, நின்ன எடத்துல எஞ்சின ஓட வுடாத. உள்ள பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒண்ண ஒண்ணு தேச்சிப் பழகணும். வண்டி இழுத்தாதான் அது நடக்கும். சும்மா நின்னு ஓடுனா சுவரு வழவழன்னு ஆயிடும். அப்புறம் எண்ணெயக் குடிக்கும்."

"நாப்பது வருசமா ஓட்டுறேன், எனக்கே சொல்றியா?"

"ஓட்டத் தெரியும்யா ஒனக்கு. நிறுத்தத்தான் தெரியாது."

ஒரு வாரம் அவர் சொன்னபடி தவளக்குப்பம் போய் வந்தேன். பிறகு மதாமின் தங்கை படுக்கையில் விழுந்தார். தினமும் காலை பத்து மணிக்கு மதாமைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு மணி வரை தெருவில் காத்திருக்க வேண்டும். கத்திரி வெயில். மர நிழல் கிடையாது. நான் வாழ்நாளில் ஏசி வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை. கண்ணாடியை ஏற்றி, எஞ்சினைப் போட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்கினேன். ஒருநாள் இல்லை. ஒன்றரை மாதம். வேகமாக ஓட்டினால் மதாமுக்குத் தெரியும், பாரம் ஏற்றினால் ஊருக்குத் தெரியும். நின்றுகொண்டு ஓடினால் கிலோமீட்டர்கூட ஏறாது, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். பெட்ரோல் ஏன் இவ்வளவு ஆகிறது என்று மதாம் கேட்டபோது, "புது வண்டி அப்படித்தான் குடிக்கும் மதாம்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

ஒருநாள் கண்ணாடியில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். விழித்துப் பார்த்தால் அண்ணன், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா பெருமாளு, வண்டிய தூங்க வைக்கிறியா?"

"இப்பதாண்ணே போட்டேன்."

அவர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அணை" என்றார். அணைத்தேன். அவர் சைக்கிளில் ஏறி முனை திரும்பினார். திரும்பியதும் சாவியைத் திருகி மறுபடி எஞ்சினைப் போட்டுக்கொண்டேன்.

ஆயிரம் ஓடியதும் எண்ணெய் மாற்றப் போனோம். அண்ணன் வெகுநேரம் காதை வைத்துக் கேட்டார். "பழகிடுச்சு" என்று சொல்லவில்லை. "பலகை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார். பத்து நாள் பொறுத்தேன். பிறகு நானாகவே அதை அவிழ்த்து என் கட்டிலுக்கு அடியில் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, காலையில் வண்டியைக் கிளப்பினால் நீலப் புகை வர ஆரம்பித்தது. எண்ணெய் ஊற்ற ஊற்ற இறங்கியது. அண்ணன் எஞ்சினைப் பிரித்தார். மதாமும் வந்தார், நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார்.

"பாருங்க மதாம், சிலிண்டருக்குள்ள மொகம் பாத்துக்கலாம். ரோதாஜ் சரியா ஆகல."

மதாம் என் பக்கம் திரும்பினார். "பெருமாள், நீ எப்படி ஓட்டின?"

எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. இந்த வேலை போனால் இனி யார் என் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பார்கள்? அது மட்டும்தான் மண்டையில் ஓடியது. "அண்ணன் எப்படிச் சொன்னாரோ அப்படியேதான் ஓட்டினேன் மதாம்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். துணியை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தார். "அப்போ நான் சொன்னதுலதான் தப்பு மதாம்" என்றார்.

மதாம் வேறு இடத்தில் எஞ்சினைச் சரிசெய்துகொண்டார். மாதா கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது, "அந்துவானுக்கு வயசாயிடுச்சு, இப்போதைய வண்டியெல்லாம் அவருக்குப் புரியல" என்று நாலு பேரிடம் சொன்னார். அந்தப் பென்ஷன் குடும்பங்களின் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்கு வருவது நின்றது. கடைசியில் ஆட்டோவும் ஸ்கூட்டரும்தான் வந்தன. நான் மதாம் வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்புக்கு அவர் கொட்டகையைத் தாண்டித்தான் ஓட்டிப் போவேன். அவர் எப்போதும்போல் கையைத் தூக்குவார். நான் ரோட்டைப் பார்ப்பதுபோல் போவேன்.

ஒருமுறை டீக்கடையில் மாட்டிக்கொண்டேன். "பலகை ஒன்கிட்டதான இருக்கு?" என்றார்.

"இருக்குண்ணே. நாளைக்கே கொண்டாரேன்."

"அவசரமில்லய்யா. இப்ப எவன் புது வண்டியோட நம்மகிட்ட வர்றான்?" என்று சொல்லி டீயை ஊதினார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு நாளைக்கு என்று பத்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

அடக்கத்தன்று கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். மறுநாள் செலின் மதாமிடம் போனேன். அவருக்கு எண்பத்தாறு ஆகிறது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவர் வந்து கண்ணாடியைத் தட்டினப்பவாவது நிறுத்தியிருக்கலாமே, பெருமாள்" என்றார். பிறகு, "இதை என்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகும்? அந்த நாலு பேர்கிட்ட சொன்னது நான். அவங்களுக்கும் தெரியணும். நானும் சொல்றேன், நீயும் சொல்லு. எழுதத் தெரியலன்னா யாரையாவது எழுதச் சொல்லு" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன். செலின் மதாம் வண்டி விஷயத்தில் அந்துவான் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அவர் ஊற்றிய எண்ணெயில் குறை இல்லை, அவர் கையில் குறை இல்லை. கெடுத்தவன் நான். அவர் பெயரைக் கெடுத்தவனும் நான்தான்.

பலகையைத் துடைத்து அவருடைய மகள் தெரேஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பலகை எங்கன்னு கேட்டா, பெருமாளுகிட்ட இருக்கு, வரும்னு அப்பா சொல்லுவாரு, மாமா" என்றது அந்தப் பெண். வாங்கிக் கொட்டகை ஆணியில் மாட்டியது.

அண்ணனுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது கண்ணாடியில் தட்டிய அந்த இரண்டு தட்டுதான். இப்போது நடந்து போகும்போது, எவனாவது எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கினால், போய் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். "இன்னா பெருசு, ஒனக்கு வேற வேலை இல்ல?" என்கிறார்கள். அணைக்கிறார்கள். நான் முனை திரும்பியதும் மறுபடி போடுகிறார்கள். எனக்கு அது கேட்கிறது.

அன்றைக்கு அவருக்கும் கேட்டிருக்கும்.